பத்தடிக்கு மேல் திரும்பாத கேமரா

கிலுக், கிலுக். நீங்கள் சந்து முனையில் திரும்பும்போதே கேட்டுவிட்டது சார். ஆள் கண்ணில் படுவதற்கு முன்னால் சத்தம் வந்துவிட்டது. பைக்குள் கேமரா. கேமராவுக்குள் ஒரு திருகாணி கழன்று உருண்டுகொண்டிருக்கிறது. ஆட்டாதீர்கள். இப்படி மேசைமேல் வையுங்கள். நீங்களே திறந்து பார்த்தீர்களா? இல்லையா? சரி, இல்லை. எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். போனில் ஒரு வெள்ளைக்காரன் ஐந்து நிமிடத்தில் கழற்றி மாட்டிக் காட்டுவான். உடனே இவர்கள் கண்ணாடிக்கடைத் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். திருகாணித் தலையைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், யார் எதால் திருகினார்கள் என்று. உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும். சுவரோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாசலில் நின்றபடி ஒன்று கேட்டீர்களே. இன்னொரு தடவை கேளுங்கள், என் காதில் சரியாக விழவில்லை. "மோத்தா கேமராவைக் கெடுத்தது நீங்கள்தானா?" அப்படித்தானே கேட்டீர்கள்? யார் சொன்னது? முனையில் டீக்கடையா? ஆமாம், அங்கேதான் சொல்வார்கள். வழி கேட்டால் வழியை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் மதுரை. பாங்கில் வேலை. நாளைக்கு ஊருக்குப் போய்விடுவீர்கள். அதனால் சொல்கிறேன். இந்தத் தூத்துக்குடியில் ஒருத்தனிடமும் நான் இதைச் சொன்னதில்லை. நீங்களும் டீக்கடையில் போய் அளக்காதீர்கள்.

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். கஸ்பார். ராத்திரி பத்து மணிக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாக்டரிக்குப் போவேன். காலை ஆறு மணி வரைக்கும் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்கிற வேலை. இருபத்தாறு வருஷமாக அதே வேலை. அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை சார், ஒரு முள் ஒரு எண்ணைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற ராத்திரி வேலை ஆட்கள் மாதிரி எனக்குப் பகலில் தூக்கம் வராது. படுத்தால் மனசு எங்கெங்கோ போகும். அதனால் எழுந்து கேமராவைப் பிரிக்க ஆரம்பித்தேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் கேமராவைப் பிரித்துவிட்டுத் திருப்பி மாட்ட நான்கு மாதம் ஆனது. இன்றைக்கு சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து பார்சல் வருகிறது. பாதிப்பேருக்குப் படம் எடுக்கத் தெரியாது, அது வேறு. கழுத்தில் மாட்டிக்கொண்டு காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள், அந்தக் கேமராவையே போனில் படம் எடுப்பார்கள்.

ஏன் கேமரா, ஏன் ரேடியோ இல்லை என்று கேட்பீர்கள். அதோ, உங்கள் தலைக்குமேல் சுவரில் பாருங்கள். என் கல்யாணப் படம். பக்கத்தில் போய்ப் பாருங்கள். பிரகாசி எப்படி இருக்கிறாள்? மூக்குத்திக் கல் தெரிகிறதா? நெற்றியில் வியர்வைகூடத் தெரியும். இந்தப் பக்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு புகை நிற்கிறதே, அது நான். இருபத்திரண்டு வருஷமாக அப்படியே நிற்கிறேன். எடுத்தவர் தொபியாஸ் மோத்தா. இந்தக் கடற்கரையில் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, எதுவானாலும் அவர்தான். ஒரு பழைய ரஷ்யக் கேமரா. எல்லாப் படத்திலும் ஆட்கள் ஒரே அளவில் இருப்பார்கள், அச்சில் வார்த்த மாதிரி. நாலு பேர் நின்றாலும் அப்படித்தான், பெட்டியில் படுத்திருந்தாலும் அப்படித்தான். கலைஞராம். ஒரே படத்தில் பெண்டாட்டியைத் தெளிவாக எடுத்துவிட்டு மாப்பிள்ளையைக் கலக்கிவிட்ட ஆள் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவது என்று.

ஒரு நிமிஷம், குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் வரும். குடத்தை வைத்துவிட்டு வருகிறேன்.

ம். எங்கே விட்டேன்? போன ஏப்ரல் மாதம். மோத்தாவின் மகள் ஜெசிந்தா வந்தாள். நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், எல்லோரையும் எல்கேஜிப் பிள்ளையாக நினைத்துத்தான் பேசுவாள். கையில் அந்த ரஷ்யக் கேமரா.

"கஸ்பாரண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை எம்மவளுக்குப் புதுநன்மை. அப்பாதான் படம் எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்காரு. கேமரா என்னடான்னா சிக்குது. நல்லாப் பாத்துத் தாங்க. அப்பாவுக்குத் தெரியாது, ஆச்சரியமா இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்."

புதுநன்மை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூவளையம், கையில் மெழுகுதிரி. எங்கள் ஆட்களுக்குக் கல்யாணத்துக்கு அடுத்தபடியான படம் அதுதான்.

வாங்கிப் பார்த்தேன். உங்கள் கேமராவும் அதே சாதிதான், அதனால் சொன்னால் புரியும். பார்க்கிற துவாரத்தில் ஒரு ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் தூரம் சரி, அமுக்கலாம். ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் இவ்வளவுதான். உள்ளே ஒரு சின்னக் கை இருக்கிறது. தூரத்துக்குத் திருப்பினால் லென்ஸ் பின்னால் போய் அந்தக் கையைத் தள்ளும், கை ஒரு கண்ணாடியைத் திருப்பும். இவர் கேமராவில் வளையம் கிட்டத்திலிருந்து சுகமாக வந்து, பத்தடியில் டக்கென்று நின்றுவிட்டது. அதற்குமேல் ஒரு மயிரளவு நகரவில்லை. எதிர்வீட்டு மாடியைப் பார்த்தால் மாடி இரண்டாகவே நிற்கிறது.

உப்புக்காற்றில் பழைய கிரீஸ் பிசினாகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். மேல்மூடியைக் கழற்றினேன். பிசின் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் சிக்கலுக்குக் காரணம் அது இல்லை. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு பித்தளைத் துண்டு. அரிசியில் பாதி இருக்கும். சிவப்பு நகப்பூச்சு வைத்து ஒட்டியிருந்தது. நகப்பூச்சு! சிரிப்பு வந்தது எனக்கு. நாலு மூலையையும் அரத்தால் ராவி, முனை மழுக்கி, அழகாகத்தான் செய்திருந்தான். எந்த முட்டாளுக்கோ வேலை இல்லாத நேரம் போல என்று நினைத்தேன். இடுக்கியால் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். பெட்ரோலில் கழுவி, புது கிரீஸ் தொட்டுவைத்து, மாடிக்குப் போய்த் துறைமுகத்துக் கிரேனைப் பார்த்துச் சரிசெய்தேன். இரண்டு கொக்கி ஒரு கொக்கியானது. மூன்று மணிநேர வேலை. ஜெசிந்தா வளையத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெண்ணெய் மாதிரி போகுதுண்ணே" என்றாள். செவ்வாய்க்கிழமை அது.

பிரகாசியிடம் சொன்னேன், "உன் மோத்தா கேமராவுக்குள்ள நகப்பூச்சு கெடக்குட்டி. என் படம் ஏன் அப்படி வந்ததுன்னு இப்பத் தெரியுதா?" அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையே நிமிரவில்லை.

புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். சந்தில் மோத்தாவே வருகிறார். எழுபத்தெட்டு வயசு. ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே வருகிறது, இன்னொரு கையில் கேமரா. வாசல்படியைக் காலால் தேடி ஏறினார்.

"கஸ்பாரு இருக்கானா?"

நான் அவருக்கு நேர் எதிரே நிற்கிறேன் சார், இரண்டடியில்.

"இருக்கேன் மாமா. வாங்க."

"எங்கல என் தடை?"

"எந்தத் தடை?"

"உள்ள ஒண்ணு வச்சிருந்தேன்லா. பித்தளை. வளையம் இப்ப கெணத்து ராட்டு மாதிரி சுத்துது. எங்க நிக்கும்னு தெரியல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியது என்ன, அவரே சொன்னார், இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. முப்பது வருஷமாகக் கண் போய்க்கொண்டிருக்கிறதாம். புரை இல்லை, நரம்பு. டாக்டர்கள் அப்போதே கையை விரித்துவிட்டார்கள். ஓரத்தில் கொஞ்சம் நிழல் தெரியும், நடுவில் ஒன்றுமில்லை. துவாரத்தில் இரண்டு ஆளா ஒரு ஆளா என்று பார்க்க அவரால் முடியாது. அதனால் பத்தடியில் நிற்கிற மாதிரி உள்ளே முட்டுக் கொடுத்துவிட்டார். வளையத்தைத் திருப்ப வேண்டியது, முட்டினால் பத்தடி. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டிலிருந்து தன் கால் பெருவிரல் வரைக்கும் பத்தடிக் கயிறு. அப்புறம் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஆட்களைப் பேசவிட்டுக் குரலை வைத்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று பிடித்துக்கொள்வார். முப்பது வருஷம் சார். இந்த ஊரில் பாதிப்பேர் வீட்டுச் சுவரில் பத்தடியில்தான் நிற்கிறார்கள்.

"வீட்டுல யாருக்கும் தெரியாதா மாமா?"

"லேசா மங்கல்னு தெரியும். இவ்வளவுன்னு தெரியாது. தெரிஞ்சா ஜெசிந்தா கேமராவ வாங்கிப் பரண்ல போட்டுட்டு, என்னக் கொண்டுபோய் ஒரு நாற்காலில உக்கார வச்சிருவா. படத்த மாப்பிள போன்ல எடுத்துருவான். அவன் எடுத்தா தல இருந்தா கால் இருக்காது."

"அதுக்காக? கண்ணு தெரியாம எடுக்கணுமா?"

"அந்தப் பிள்ள பொறந்தப்ப சொன்னேன்ல, புதுநன்மைப் படம் நான்தான்னு. அதோட மூட்டை கட்டிருவேன். ஒரு படம். தடையத் தா."

தடை எங்கே இருக்கிறது? குப்பை வண்டி காலையிலேயே வந்து போய்விட்டது. சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து என் பக்கம் காதைக் கொடுத்தார்.

"ஏல, நீ பிரகாசி புருசன்லா? கல்யாணத்தன்னைக்கு கோட்டுல நிக்கச் சொன்னதுக்கு, 'நான் என்ன ஆடா, கோடு போட்டு நிறுத்த'ன்னு கேட்டவன் நீதான?"

அடுக்களையில் பிரகாசி சிரித்தாள். நன்றாகக் கேட்டது.

நான் கேட்கிறேன் சார், நீங்களே சொல்லுங்கள். கோட்டைத் தாண்டி ஒரு இரண்டடி முன்னால் வந்திருப்பேன். இரண்டரை என்று வையுங்கள். மாப்பிள்ளை நான், என் கல்யாணத்தில் நான் எங்கே நிற்பது என்று சாக்பீஸ் சொல்லுமா? அன்றைக்கு பிளாஷ் வேறு எரியவில்லை. கோயிலுக்குள் இருட்டு, லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தார், அதில் இரண்டடி என்பது பெரிய வித்தியாசம்தான், எனக்கும் தெரியும். ஆனால் நல்ல போட்டோகிராபர் என்றால் நான் வந்த இடத்துக்கு லென்ஸைத் திருப்பியிருக்க வேண்டுமா இல்லையா? படத்தையே பார்க்கிறீர்கள். சரி, விடுங்கள்.

முட்டு வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். "அரமும் பித்தளையும் குடு, நானே பண்ணிக்கிடுதேன்" என்றார். கண் தெரியாத மனுஷன் என் மேசையில் உட்கார்ந்து நான் பிடுங்கிப்போட்டதைச் செய்வதா? "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு, பழைய பூட்டு ஒன்றை உடைத்துப் பித்தளை எடுத்தேன்.

சார், நான் ஷட்டரை மாற்றியிருக்கிறேன். தலைமுடி கனத்தில் இருக்கிற ஸ்பிரிங்கை வளைத்திருக்கிறேன். இந்த அரை அரிசி என் உயிரை எடுத்துவிட்டது. துண்டு தடித்தால் ஏழடியில் முட்டுகிறது. ஒரு இழுப்பு ராவினால் பதின்மூன்று அடி. பின்மூடியைக் கழற்றி, ஃபிலிம் ஓடுகிற இடத்தில் எண்ணெய்த்தாளை ஒட்டி, வாசலில் பத்தடியில் பிரகாசியை ஒரு செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்து, எழுத்து தாளில் தெளிவாக விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து. புதன், வியாழன், வெள்ளி. தூங்கவில்லை. ராத்திரி பாக்டரிக்குப் போனால் முள் இரண்டாகத் தெரிகிறது. பத்துத் துண்டு வீணாகிவிட்டது. பதினோராவது துண்டு சரியாக வந்தது.

மோத்தா தினமும் பதினோரு மணிக்கு வந்து உட்கார்ந்திருப்பார். வெள்ளிக்கிழமை பதினோராவது துண்டை மாட்டிக் கையில் கொடுத்தேன். வளையத்தைத் திருப்பினார். முட்டியது. இன்னொரு தடவை திருப்பினார்.

"கொஞ்சம் கிட்டக்க இருக்கு."

"சரியாத்தான் இருக்கு மாமா. நான் அளந்துட்டேன்."

"கட்டைவிரல் இன்னும் ஒரு நூல் தள்ளிப் போய் நிக்கணும்ல."

எனக்கு ஆத்திரம். டேப்பை எடுத்து மறுபடி அளந்தேன். பிரகாசி பத்தடியில் நிற்கவில்லை, ஒன்பதரையில் நின்றிருந்தாள். பிடிக்கச் சொன்ன இடத்தில் பிடிக்கத் தெரிகிறதா இவளுக்கு? கோடு கிழித்திருக்கலாமே என்றாள். கிழித்திருக்கலாம். நான் கிழிக்கவில்லை.

கடைசியில் அவரே ராவினார் சார். பார்க்கக்கூட இல்லை. முகத்தை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு, மூன்று இழுப்பு, நகத்தால் ஒரு தடவல், இன்னும் ஒரு இழுப்பு. நான் மாட்டினேன். பத்தடி. எழுத்து கத்தி மாதிரி விழுந்தது. நகப்பூச்சு வேண்டுமே, பிரகாசியிடம் கேட்டேன். சிவப்புதான் இருந்தது.

அது போகட்டும். சனிக்கிழமை சாயங்காலம் வந்தது வினை. அவர் வீட்டுக்குப் போயிருந்தேன், மூடியில் ஒரு திருகாணியை இறுக்க மறந்துவிட்டேன் என்று. ஜெசிந்தா கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். வீட்டில் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர், மோத்தாவின் மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டு ஆட்கள்.

"கஸ்பாரண்ணே, இது என்ன வேலை? செவ்வாய்க்கிழமை நல்லாப் போச்சு. மூணு நாள்ல மறுபடியும் அதே எடத்துல சிக்குது. இதுக்குத்தான் அப்பாவ தினமும் வரச்சொல்லி அலைக்கழிச்சீங்களா?"

மாப்பிள்ளை பக்கத்தில் இருந்து, "நான் அப்பவே சொன்னேன், ஐஸ் பாக்டரில இருக்கிற ஆளுகிட்ட கேமராவக் குடுக்காதன்னு" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

அவன் போனில்தான் படம் எடுப்பான். அவன் சொல்கிறான்.

எனக்கு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது சார். கேமரா ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது, என் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை, உன் அப்பாவுக்குத்தான், என்று. இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் என்னை ஐஸ்காரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேமராவில் ஒரு பேர் இருந்தது, அது ஒன்றுதான் இருந்தது. வாயைத் திறந்தேன். மோத்தா அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கேமரா வாரின் நுனியை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், சுற்றுகிறார். முகம் என் பக்கம் இல்லை. காது என் பக்கம் இருந்தது.

"உப்புக்காத்து. உள்ள இருக்கிற கை தேஞ்சுபோச்சு. இவ்வளவுதான் என்னால முடியும்" என்றேன்.

"முடியலன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்லாண்ணே."

"ஆமா. சொல்லியிருக்கலாம்."

"பரவால்ல விடுட்டி," மோத்தா சொன்னார். "பத்தடிக்குப் போகுதுல்லா. அது போதும் எனக்கு. நான் சமாளிச்சுக்கிடுதேன்."

சமாளிச்சுக்கிடுவாராம்! எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். எல்லோரும் அவரைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். நான் திருகாணியை இறுக்கிவிட்டு வந்துவிட்டேன். டீக்கடைக்கு அந்தச் செய்தி எனக்கு முன்னாலேயே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து, பூசை முடிகிற நேரத்துக்குக் கோயில் முற்றத்துக்குப் போனேன். அவருக்காக இல்லை, முட்டு தாங்குகிறதா என்று பார்க்க. பத்து மணி வெயில். பூவரச மரத்துக்கு இந்தப் பக்கம் சாக்பீஸ் கோடு. கயிற்றைச் சுருட்டிவிட்டார். அந்தப் பிள்ளை மெழுகுதிரியோடு கோட்டில் நிற்கிறது, ஒன்பது வயசு, ஷூவின் நுனி கோட்டில் தொட்டும் தொடாமலும். "பாட்டு ஒண்ணு பாடுட்டி" என்றார். பாடியது. குரல் வந்த இடத்துக்குக் கேமராவை ஒரு விரற்கடை கீழே இறக்கினார், வளையத்தைத் திருப்பினார். முட்டியது. எனக்குத் தெரியும், அவர் கட்டைவிரல் நின்றதைப் பார்த்தேன். பாட்டு முடிகிற இடத்தில் அமுக்கினார். ஒரே ஒரு தடவை. இன்னொன்று எடுங்கள் தாத்தா என்று பிள்ளை கேட்டது. வேண்டாம், வந்துவிட்டது என்றார்.

திமிரைப் பாருங்கள். கண் தெரியாதவருக்கு ஒன்று போதுமாம்.

ஒரு மாதம் கழித்து ஜெசிந்தா படத்தைக் கொண்டுவந்து இந்த மேசையில் போட்டாள். இனிப்பும் கொடுத்தாள், மறுக்கக் கூடாது. "பாருங்கண்ணே. நீங்க கெடுத்துக் குடுத்த கேமராவிலயே எங்கப்பா எப்படி எடுத்திருக்காருன்னு." பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இமைமயிரை எண்ணலாம். மெழுகுதிரியில் ஒரு சொட்டு வழிந்து பாதியில் நிற்கிறது, அதுகூடத் தெரிகிறது. பத்தடிக்கு ஒரு அங்குலம் இப்படி அப்படி இல்லை.

"நல்லாருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இப்போது கேமரா அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்கள் வளையத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள், பத்தடியில் முட்டும். "கஸ்பார் வேலை" என்பார்கள். போன வாரம் ஒருத்தன் தன் கேமராவைத் திருநெல்வேலிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகட்டும். எனக்கென்ன, திருநெல்வேலிக்காரன் நகப்பூச்சைப் பார்த்தால் சிரிப்பான், பிடுங்கிக் குப்பையில் போடுவான். எல்லா மடையனும் அதைத்தான் செய்வான்.

உங்கள் கேமரா ஒன்றும் பெரிய விஷயமில்லை. அந்தக் கையைப் பிடித்திருக்கிற திருகாணிதான் கழன்றிருக்கிறது. வியாழக்கிழமை கூரியரில் போட்டுவிடுகிறேன். வெறுமனே திறக்காதீர்கள், இனிமேல். இல்லை என்று தலையாட்டாதீர்கள் சார், இந்தத் திருகாணித் தலை நசுங்கியிருப்பதை நான் பார்த்துவிட்டேன்.

என்ன? அப்புறமாவது ஜெசிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? படம்தான் வந்துவிட்டதே, இனி என்ன என்கிறீர்களா?

அவர் இன்னும் தினமும் பதினோரு மணிக்கு, சுவரைத் தடவிக்கொண்டு, தனியாக வருகிறார். நீங்கள் இருப்பது அந்த நாற்காலி. பேச்சு ஒன்றும் இல்லை, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்.

கொஞ்சம் காலை எடுங்கள் சார், குடம் வழிகிறது. அந்தக் காலிக்குடத்தை இப்படி நகர்த்துங்கள். இன்னும் ஏழு குடம் இருக்கிறது, அரைமணியில் தண்ணீர் நின்றுவிடும்.